சிங்கப்பூர் - திருச்சி: ஒன்றரை மணி நேரம்தானா?

திருச்சி கே.கே. நகரில் ஒரு வீடு. பெரியவர் சாயங்காலம் 7 மணிக்குப் போய்விட்டார். வாசலில் பந்தல் போட்டாச்சு, ஐஸ் பெட்டியும் வந்தாச்சு. மூத்த பையன் இருப்பது சிங்கப்பூரில். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "பெரியவன் எப்ப வர்றான்?"

ராத்திரி ஃப்ளைட்டில் சீட் இல்லையாம். காலையில் அங்கே 10 மணிக்கு ஏறி, இங்கே 11.30க்கு இறங்குகிறான் என்று தகவல் வந்தது. அவ்வளவுதான், பெரியவரின் தங்கை பிடித்துக்கொண்டார்.

"ஒன்றரை மணி நேரத்துல வர்ற ஊர்லதான இருக்கான்? மெட்ராஸ்காரன் பஸ்ல வந்து இறங்கிடுவான், இவனுக்கு என்னவாம்?"

பாட்டியின் கோபத்துக்குக் காரணம் உண்டு. 1978-ல் அவருடைய அப்பா இறந்தபோது இதே அண்ணன் சிங்கப்பூரில்தான் வேலை பார்த்தார். தந்தி போய், எம்.வி. சிதம்பரம் கப்பலில் இடம் பிடித்து, நாகப்பட்டினத்தில் இறங்கி வீடு வந்தபோது பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது. (அந்தக் கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. அதோடு அந்தச் சேவையும் போச்சு.)

கோபம் சரி, கணக்குதான் தப்பு. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வான்வழியில் ஏறக்குறைய 2,980 கி.மீ. டெல்லியே சுமார் 1,980 தான்! ஜெட் விமானம் போக 4 மணி நேரம் ஆகும். ஆனால் சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் வரும்போது ஒன்றரை மணி நேரம் மாதிரி தெரியும், போகும்போது ஆறரை.

இதில் ஒரு வேடிக்கை. இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் 25 டிகிரி சொச்சம். டிகிரிக்கு 4 நிமிஷம் என்றால் சூரியக் கணக்கில் 1 மணி 40 நிமிஷம்தான் வர வேண்டும். 1981 வரை வித்தியாசம் 2 மணி நேரமாக இருந்தது. மலேசியா நேரத்தை மாற்றியபோது சிங்கப்பூரும் கூடவே 1982 ஜனவரி 1 முதல் அரை மணி முன்னே நகர்ந்துகொண்டது. பழைய நேரமே இருந்திருந்தால் பாட்டி "ரெண்டு மணி நேரம்" என்று திட்டியிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம் :-)

காலேஜ் படிக்கும் பேரன் இதையெல்லாம் பேப்பரில் எழுதிக் காட்டிப் பார்த்தான். பாட்டி பேப்பர் பக்கமே திரும்பவில்லை. கடைசியில் ஒன்று சொன்னான்: "பாட்டி, பெரியப்பா அங்க 7 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினப்போ நமக்கு மணி நாலரை. நீங்களும் முழிச்சுட்டுதான் இருந்தீங்க."

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "எதாவது சாப்பிட்டானாமா?"

ஏர்போர்ட் பக்கம் என்பதால் ப்ளேன் சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்கும். பதினொன்று இருபதுக்குக் கேட்டது. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். இமிக்ரேஷன் வரிசை எல்லாம் தாண்டி அவன் வாசலுக்கு வர பன்னிரண்டரை ஆனது. மூன்று மணிக்கு ஓயாமரிக்கு எடுத்துப் போனார்கள்.