ஆளியாறு முடியும் இடம்

பிப்ரவரி 7, 2025, வெள்ளி. பொள்ளாச்சி

தைப்பூசம் நெருங்கிவிட்டது. உடுமலை ரோட்டில் பழனிக்கு நடக்கிறவர்கள் விடிய விடியப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நான் எதிர்த்திசைக்குப் பை கட்டிக்கொண்டிருக்கிறேன். கடலுக்குப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது: "யாருக்குத் திதி?"

எங்கள் பக்கத்தில் கடல் என்றால் ராமேஸ்வரம், விட்டால் திருச்செந்தூர். முழுக்குப் போட்டுவிட்டு ஈரத்துணியோடு கோயிலுக்கு ஓடவேண்டிய கடல். சும்மா மணலில் உட்கார்ந்துவிட்டு வர யாரும் பஸ் ஏறுவதில்லை. ஏறுகிற சிலரும் பேக்கேஜில் கோவாவுக்குப் போய், அங்கேயும் கோயமுத்தூர்க்காரர்களையே பார்த்துவிட்டு வருகிறார்கள்.

கோவைக்குப் பக்கத்துக் கடல் மேற்கே, பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பொன்னானிக்கு 140 கி.மீ.கூட வராது. வழிகாட்டவும் ஆறு உண்டு. ஆளியாறு மேற்கே இறங்கி, சித்தூர்ப்புழையாகி, பறளியில் கல்பாத்திப்புழையோடு கலந்து பாரதப்புழையாகிறது. பொன்னானியில் கடல்.

பிப்ரவரி 8, சனி. திரூர்

பாலக்காடு வரை பஸ், அதற்கு மேல் முன்பதிவில்லாப் பெட்டி. ஒத்தப்பாலம், ஷொறணூர் தாண்டி ஆறு கூடவே வருகிறது. ஆறு என்று சொன்னால் உண்டு. பாதிக்கு மேல் மணல், மணல் மேல் கோரை, கோரைக்குள் மாடுகள். குற்றிப்புறத்தில் இறங்கினால் பொன்னானிக்கு பஸ் இருக்கிறது. நான் திரூர் வரை போய் அறை எடுத்தேன். கழிமுகத்தின் வடகரை அங்கிருந்துதான் வசதி. தென்கரையில் பொன்னானித் துறைமுகம், மசூதிகள், கடைத்தெரு என்று ஊரே இருக்கிறது. வடகரையில் படிஞ்ஞாறெக்கரை. அங்கே கடற்கரை மட்டும்.

தனியாகப் போகிற பெண்ணுக்கு முதல் கேள்வி அறைதான். ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய, குடும்பங்கள் தங்குகிற லாட்ஜாகப் பார்த்தேன். ஆதார் நகல் கேட்டார்கள், வேறு எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு. படிஞ்ஞாறெக்கரை

கூட்டாயி வழியாகப் போகும் காலை பஸ். வலப்பக்கம் தென்னைகளுக்கு நடுவே கடல் வந்து வந்து மறைகிறது. கடைசி நிறுத்தத்தில் இறங்கியது நானும் ஒரு கூடைக்காரம்மாவும்.

கழிமுகத்தில் தண்ணீர் இரண்டு நிறம். ஆற்றுப் பக்கம் கலங்கல் பச்சை, கடல் பக்கம் சாம்பல். நடுவில் நுரைக்கோடு ஒன்று நெளிகிறது. அந்தக் கோட்டின் மேலேயே கடற்காகங்கள் வரிசை கட்டி உட்கார்ந்திருக்கின்றன, மீன் அங்கேதான் சிக்கும் போல. இந்த இடத்தில் குளிக்கக்கூடாது. மேலே குளம் மாதிரி இருந்தாலும் அடியில் இழுப்பு கடுமை. 2018 வெள்ளத்துக்குப் பிறகு பொன்னானிக் கரையிலிருந்து கடலுக்குள்ளேயே நீளமாக மணல்திட்டு கிளம்பியது. ஜனம் திரண்டு அதன்மேல் நடக்கப் போனபோதும் அதிகாரிகள் இதையேதான் சொன்னார்கள்.

டீக்கடைப் பெரியவர் எந்த ஊர் என்றார். பொள்ளாச்சி என்றதும், செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு மாடு பிடிக்க வந்த கதையை ஆரம்பித்துவிட்டார். கடுக்காய் வறுவல் தட்டில் வந்தது. நம்மூர்க் கடுக்காய் இல்லை, கல்லில் ஒட்டி வளரும் சிப்பி. ஓட்டுக்குள் அரிசிமாவும் தேங்காயும் அடைத்து, வேகவைத்து, ஓடு கழற்றி, மிளகாய்ப்பொடி பூசிப் பொரிக்கிறார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே கொழுக்கட்டை.

ஆளியாற்றுத் தண்ணீர் இங்கே வருகிறதா என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார். கொஞ்சம் மேலே சம்ரவட்டத்தில் 2012இல் திறந்த ரெகுலேட்டர் பாலம் இருக்கிறது; கோடையில் ஷட்டரை இறக்கி நன்னீரைத் தேக்குகிறார்கள். அதற்கும் மேலே, நம் எல்லையில், மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு விடவேண்டும் என்பது ஒப்பந்தம். அதுவும் சித்தூர் வயல்களிலேயே பெரும்பாலும் வடிந்துவிடும். ஆக, என் காலை நனைத்தது கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த உப்புத்தண்ணீர். ஆற்றைப் பார்க்க வேண்டுமானால் மழை முடிந்த செப்டம்பர், அக்டோபர். கரையைப் பார்க்க இந்த மாதம். சாயங்காலம் குடும்பம் குடும்பமாக வந்துவிடுவார்கள், காலைதான் காலி.

ஏப்ரல் 19, சனி. பூம்புகார்

நொய்யலும் பவானியும் அமராவதியும் காவிரியில் கலந்து போய்ச் சேரும் இன்னொரு கடல் முனையையும் பார்த்துவிட வேண்டும் என்று ஜனசதாப்தியில் மயிலாடுதுறை. செவ்வாய் தவிர எல்லா நாளும் ஓடுகிறது. கட்டிடங்களைப் பற்றி எழுத மனசில்லை, அவையெல்லாம் பள்ளிச் சுற்றுலாக்களுக்கு. காவிரி கடலில் சேரும் இடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மேட்டூர் ஜூன் 12க்குத் திறந்தால்தான் உண்டு. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி நான்கு நாள். விசைப்படகுகள் கட்டிக் கிடக்க, சின்ன பைபர் படகுகள் மட்டும் போய் வருகின்றன. அமைதி வேண்டுமென்றால் தெற்கே சின்னங்குடி, தரங்கம்பாடி என்று பஸ்ஸில் இறங்கி இறங்கிப் போகலாம். தரங்கம்பாடிக்கு மயிலாடுதுறையிலிருந்து 1926இல் போட்ட ரயில் பாதை 1980களிலேயே நின்றுபோனது. இருந்திருந்தால் கோவையிலிருந்து கடல் வாசல் வரை தண்டவாளமே கொண்டுவிட்டிருக்கும்.

வெயில் தாங்கவில்லை. ஏப்ரலில் கிழக்குக்கரை வேண்டாம்.

ஜூன் 12, வியாழன். உக்கடம்

மேட்டூர் இன்று திறந்தார்கள். மீன் மார்க்கெட்டில் பாதிக் கடை வெறிச்சென்று கிடக்கிறது. கிழக்கில் தடை 14ஆம் தேதி வரை, கேரளத்தில் 10ஆம் தேதியே தொடங்கிவிட்டது. இரண்டு கடலும் ஒன்றாக மூடுகிற ஐந்து நாள் இது. "வஞ்சிரம் கேக்காதீங்கக்கா, விலை சொன்னா திட்டுவீங்க. டேம் கட்லா இருக்குது, ஆளியாத்துது, போடட்டுங்களா?" என்றான் பையன். ஒரு கிலோ வாங்கினேன்.