முறைகாரர் சேனை

ஸ்விட்சர்லாந்தில் பெர்ன் மாநிலத்துத் தூன் நகரில் குடியேறிய முதல் வாரத்தில், ஒரு நாள் விடியற்காலை சமையலறை ஜன்னலைத் திறந்தபோது, ஏரிக்கு அப்பால், ஒரு சிற்பி அளந்து செதுக்கி வைத்ததைப் போலப் பக்கங்கள் சரிந்து உச்சி கூம்பி நின்ற நீஸென் மலையைக் கண்டேன்; கண்ட மாத்திரத்தில் திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்த எனக்குக் கை தானாகவே கன்னத்துக்குப் போயிற்று. 2,362 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்கும் 2,668 அடி உயரமுள்ள எங்கள் அண்ணாமலைக்கும் உயரத்தில் ஒப்பு இல்லை. ஆயினும், ஊரின் எந்த வீதியில் நின்று நிமிர்ந்தாலும் கண்ணில் படும் மலை ஒன்று அந்த ஊர்க்காரனுடைய மனத்துக்குச் செய்யும் உபகாரத்தை அறிந்தவனாகையால், இந்த ஊரிலும் எனக்கு ஓர் ஆதாரம் கிடைத்தது என்றே எண்ணிக்கொண்டேன். அப்படி எண்ணிக்கொண்டு நிற்கையில்தான் நகரத்தின் மேற்குப் பக்கத்து மைதானத்திலிருந்து டாங்கி வண்டிகள் உறுமும் சப்தம் கேட்டது.

தூன் ஒரு ராணுவ நகரம். 1819-ஆம் ஆண்டிலேயே இங்கே நாட்டின் மத்திய ராணுவப் பள்ளி தோன்றிவிட்டது. பிற்காலத்தில் பிரான்ஸின் சக்கரவர்த்தியாகி மூன்றாம் நெப்போலியன் என்று பெயர் பெற்றவர் இளமையில் இங்கே பீரங்கிப் பயிற்சி பெற்ற மாணாக்கராக இருந்திருக்கிறார். ஆனால் இந்த நாட்டுச் சேனையை நான் முதன்முதலாக நேரில் பார்த்தது பள்ளியிலோ மைதானத்திலோ அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ரயில் நிலையத்தின் மூன்றாவது நடைமேடையில். இருபது வயது நிரம்பியிராத பையன்கள் ஐம்பது அறுபது பேர், ராணுவ உடையில், முதுகில் மூட்டையும் தோளில் துப்பாக்கியுமாக வந்து நின்றார்கள். ஒருவன் தாயாரிடம் சலவைத் துணிப் பையை வாங்கிக்கொண்டிருந்தான், ஒருவன் காதலியின் தோளில் சாய்ந்திருந்தான், வேறொருவன் துப்பாக்கியைப் பெஞ்சியின் மேல் கிடத்திவிட்டு ஆப்பிள் பழம் கடித்துக்கொண்டிருந்தான். நான் பத்தடி பின்வாங்கித் தூணோரமாய் நின்றேன். என்னைத் தவிர ஒருவரும் பின்வாங்கவில்லை.

எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்திலும் பட்டாளத்துக்குப் பஞ்சமில்லை. வேலூருக்கு அருகே கம்மவான்பேட்டை என்னும் ஊரை, வீட்டுக்கு வீடு சிப்பாய் இருப்பதனால், ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். எங்கள் தெருவிலும் மிலிட்டரிக்காரர் ஒருவர் இருந்தார். காட்பாடியில் ரயிலேறினால் ஒரு வருஷம் கழித்து, பெயர் எழுதிய தகரப் பெட்டியோடு வந்து இறங்குவார். நாங்கள் சிறுவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு காஷ்மீரத்துப் பனியைப் பற்றிக் கேட்போம். அவர் பட்டாளத்தைச் சேர்ந்தவர், நாங்கள் சேராதவர்கள், அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மதில் இருப்பது எங்களுக்கு இயல்பாகவே தோன்றியது. இந்த நாட்டில் அந்த மதில் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது.

இங்கே சேனையென்பது ஓர் உத்தியோகமல்ல, அது முறை. பிரஜையாகிய ஒவ்வோர் ஆண்மகனும் பதினெட்டு வயதில் அழைக்கப்பட்டு, தேகபரீட்சையில் தேறினால் பதினெட்டு வாரம் பயிற்சிப் பள்ளியில் இருந்து, பிறகு தன் தொழிலுக்கோ கல்விக்கோ திரும்பி, வருஷத்துக்கு மூன்று வாரமாக ஆறு தடவை, ‘வேகா’ என்று எல்லோரும் சொல்லும் மறுபயிற்சிக்குப் போய் வரவேண்டும். சாதாரணச் சிப்பாய்க்கு ஆயுளில் மொத்தம் 245 நாள் சேவை. தேகம் இடங்கொடாதவன் தன் வருமானத்தில் நூற்றுக்கு மூன்று வீதம் வரியாகச் செலுத்துகிறான். மனச்சாட்சி இடங்கொடாதவன் ஒன்றரை மடங்கு காலம் முதியோர் இல்லத்திலோ காட்டிலோ பொதுப்பணி செய்கிறான். 1996-க்கு முன்னால் இப்படிப்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2018-ஆம் வருஷத்துச் சீர்திருத்தத்தின்படி சேனையின் அளவு ஒரு லட்சம் பேர். மூன்று யந்திரப் படைப் பிரிவுகள், நான்கு பிராந்தியப் படைகள், விமானப்படை ஒன்று. கடலில்லாத நாடாகையால் கடற்படை இல்லை. இவ்வளவையும் நடத்துகிறவர்களில் முழுநேர ராணுவத்தார் மிகச் சொற்பம். எங்கள் தெருப் பள்ளி ஆசிரியர் ஒரு கம்பெனியின் தலைவர். ரொட்டிக்கடைக்காரர் அதே கம்பெனியின் சமையல் தலைவர்.

இதைக் கேட்டபோது எனக்கு அந்நியமாக ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் கோயில்தான் நினைவுக்கு வந்தது. தீபத் திருவிழாவின் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு சமூகத்தார் தங்கள் மண்டகப்படியாக ஏற்று நடத்துவதும், மலையுச்சியில் தீபம் ஏற்றும் கைங்கரியம் பர்வதராஜ குலத்தாருக்கு உரியதாக இருப்பதும் நான் பிறந்தது முதல் பார்த்தவை. வருஷமெல்லாம் தங்கள் தங்கள் ஜீவனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்கள், அந்த நாள் வந்ததும் வேலையைப் போட்டுவிட்டு, ஆளுயரக் கொப்பரையைத் தோளில் சுமந்துகொண்டு, செருப்பில்லாத காலோடு அந்தச் செங்குத்துப் பாறையில் ஏறுவதை எந்தச் சம்பளத்தைக் கொண்டு விளக்க முடியும்? ‘எங்க முறை வந்திருச்சு’ என்பார்கள். அதற்கு மேல் பேச்சில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே முறை குலத்தைப் பற்றி வருகிறது, இங்கே குடியுரிமையைப் பற்றி வருகிறது. அந்த வித்தியாசம் பெரிது.

முறைகாரர்களின் சேனைக்குச் சமாதான காலத்தில் ஜெனரல் கிடையாது. யுத்த அபாயம் வரும்போதுதான் பாராளுமன்றம் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது. 1848-ல் இந்தக் கூட்டாட்சி பிறப்பதற்கு முந்தைய வருஷத்து உள்நாட்டுப் போரில் தூஃபூர், 1870-ல் ஹெர்ஸோக், 1914-ல் வில்லே, 1939-ல் கீஸான். தூஃபூரின் யுத்தம் ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை; இரு தரப்பிலுமாகச் சுமார் நூறு பேரே மாண்டார்கள்; அதே மனிதர்தான் இந்த நாட்டின் முதல் நுட்பமான தேசப்படத்தை வரைவித்தார், பின்னாளில் செஞ்சிலுவைச் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தார். கீஸானோ வோ மாநிலத்தில் பண்ணை வைத்திருந்தவர். பிரான்ஸ் வீழ்ந்து, நான்கு பக்கமும் பகைவர் சூழ்ந்த 1940-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி, பழைய கூட்டமைப்பு பிறந்த இடமென்று ஐதீகம் சொல்லும் ரூட்லி புல்வெளிக்குத் தம் தளபதிகளையெல்லாம் வரவழைத்து, சமவெளியை விட்டுப் பிரதான சேனையை ஆல்ப்ஸ் மலைக்குள் கொண்டுபோய்க் கடைசிவரை போராடும் திட்டத்தை விளக்கினார். அப்படியானால் சமவெளியில் இருக்கும் சிப்பாய்களின் மனைவி மக்கள் கதி என்ன என்ற கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டும். அதற்குத் திருப்தியான விடை இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் வயலையும் பட்டறையையும் விட்டு எல்லைக்குப் போன மனிதனுடைய குடும்பம் பட்டினி கிடக்கலாகாது என்று 1940-ல் ஏற்படுத்திய ஊதிய ஈட்டு நிதிதான் 1948-ல் தொடங்கிய முதியோர் ஓய்வூதியத்துக்கு முன்மாதிரி ஆயிற்று என்பதை அறிந்தபோது, இந்தத் தேசத்தின் சேனையைப் பற்றி நான் கேட்டவற்றுள் மிக உயர்ந்த செய்தி இதுவே என்று எனக்குப் பட்டது.

துப்பாக்கியைப் பற்றிச் சொல்லவேண்டும். நொய்ஹௌஸன் என்னும் ஊரில் தயாரான, 90-ஆம் மாதிரித் தாக்குதல் துப்பாக்கி சிப்பாயோடு அவன் வீட்டுக்கே வருகிறது. திடீரென்று போர் மூண்டால் அணிசேரும் இடம்வரை வழியில் சண்டையிட்டுக்கொண்டு போகவேண்டியிருக்கும் என்ற எண்ணத்தில், ஐம்பது தோட்டாக்களை அடைத்து முத்திரையிட்ட தகர டப்பா ஒன்றையும் முன்பெல்லாம் கொடுத்தனுப்பினார்கள்; அந்த வழக்கத்தை 2007-ல் நிறுத்திவிட்டார்கள். துப்பாக்கிகளையே வீடுகளிலிருந்து எடுத்து ஆயுதசாலையில் வைக்கவேண்டுமென்று 2011-ல் ஜனவாக்கெடுப்பு வந்தது. பிரஜையாகிய பிறகு நான் வாக்களித்த முதல் கேள்விகளுள் அது ஒன்று. மனம் உடைந்த ஒரு மனிதனுக்கும் ஒரு துப்பாக்கிக்கும் நடுவே ஓர் அலமாரிக் கதவு மட்டும் இருப்பது போதாது என்று நம்பி, ‘எடுக்கவேண்டும்’ என்றே வாக்களித்தேன். நூற்றுக்கு 56 பேர் மறுபக்கம் நின்றார்கள். இன்றும் என் அபிப்பிராயம் மாறவில்லை. 2019-ஆம் வருஷத்துக் கோடையில் என் மகனுடைய முறை வந்து, இலையுதிர் காலத்தின் கடைசியில் அவன் பயிற்சி முடித்துத் திரும்பியபோது, அந்தத் துப்பாக்கி என் வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்தது.

தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். திருவண்ணாமலையில் மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, “ஏம்பா, சாமி கும்புடற ஊட்டுல அத எங்கப்பா வெப்ப?” என்று கேட்டாள்.

எங்கே வைப்பது என்பதற்குச் சட்டம் விடை சொல்லியிருந்தது. துப்பாக்கியை ஓரிடத்திலும், அதன் இயங்கு பூட்டைக் கழற்றி வேறோரிடத்திலும் வைக்கவேண்டும். மகன் அந்தப் பாகத்தைத் தன் மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் அவனுடைய கனத்த பூட்ஸ் இரண்டும் சேர்ந்து நின்றன. மறு வருஷம் ஆயுத பூஜையன்று, அரிவாள்மணை, கத்தரிக்கோல், என் கணினி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்த என் மனைவி அலமாரிக்கு முன் நின்று, “இதுக்கு வைக்கலாமாடா?” என்று மகனைக் கேட்டாள். அவன் யோசித்து, “அது நம்முடையது இல்லைம்மா, கூட்டாட்சியுடையது” என்றான். அவள் அலமாரிக் கதவுக்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தாள்.

மற்றத் தளவாடங்களைப் பற்றி எனக்கு இவ்வளவு ஈடுபாடில்லை. ஜெர்மனியின் லெப்பர்ட் டாங்கிகள் உண்டு. அமெரிக்காவின் எஃப்-18 விமானங்கள் உண்டு. அவற்றுக்குப் பதிலாகப் புதிய விமானங்கள் வாங்க 600 கோடி ஃபிராங்க் செலவிடலாமா என்று 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜனங்களைக் கேட்டபோது, தேசம் முழுவதிலுமாக ஒன்பதாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் ‘சரி’ என்ற விடை வந்தது. 1989-ல் சேனையே வேண்டுமா என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் வேண்டாமென்றார்கள். எனக்குப் பிடித்தவை சைக்கிளும் குதிரையும். 1905-ஆம் வருஷத்து மாதிரியில், கியர் ஒன்றே ஒன்று கொண்ட, இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் கறுப்புச் சைக்கிளை நெடுங்காலம் ஓட்டிய சைக்கிள் படையொன்று இந்த மலைநாட்டில் நூறு வருஷத்துக்கு மேலாக இருந்து, 2003-ல்தான் கலைக்கப்பட்டது. சுமை சுமக்கும் குதிரைகளோ இன்னும் சேவையில் இருக்கின்றன. வண்டி ஏறாத பாதையில் குதிரை ஏறும் என்பதைக் காலம் மாற்றிவிடவில்லை.

இந்த மலைகள் ஒருகாலத்தில் தங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போட முடியாமல் அவர்களை அந்நிய அரசர்களுக்குக் கூலிப்படையாக விற்றவை. நியூஷாதெலைச் சேர்ந்த தெ மெரோன் என்பவர் 1781-ல் திரட்டிய படையொன்று டச்சுக்காரருக்காக இலங்கையில் இருந்து, 1795-ல் ஆங்கிலேயர் பக்கம் மாறி, 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை எதிர்த்துப் போரிட்டது. அதற்கு ஒன்பது வருஷம் முன்னால் அதே திப்புவின் சேனை எங்கள் ஊரைப் பிடித்தது. கர்நாடகப் போர்களின் காலமெல்லாம் அண்ணாமலையார் கோயில் மதில் கோட்டை மதிலாகவே பயன்பட்டது. 1859-ல் இந்த நாடு அந்நியச் சேவகத்தைத் தடை செய்தது. எதிர்த் திசையில், யாழ்ப்பாணத்திலிருந்து 1983-க்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்த ஈழத் தமிழர்களின் பிள்ளைகள் இன்று இதே சீருடையில் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஏறுகிறார்கள். போருக்குத் தப்பி வந்த ஒரு தகப்பனார், மகனைப் பட்டாளத்து உடையில் முதன்முதலாகப் பார்த்த அன்று உணவு கொள்ளவில்லையென்று பெர்ன் ஐரோப்பாப்ளாட்ஸ் கோயிலில் என்னிடம் சொன்னார். மறுவாரம் அவரே அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டாராம்.

போர் புரியாத சேனையும் தன் ஜனங்களுக்குத் தீங்கு செய்துவிடக்கூடும். தூனிலிருந்து தெற்கே காண்டர் பள்ளத்தாக்கில் மிட்ஹோல்ஸ் என்ற சிற்றூர் உண்டு. ஏழாயிரம் டன் வெடிமருந்தை அங்கே மலையைக் குடைந்து உள்ளே வைத்திருந்தார்கள். 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் இரவு அதில் ஏறக்குறைய பாதி வெடித்து ஒன்பது உயிர்கள் போயின. மிச்சம் பாறைக்கடியில் எழுபது வருஷம் கிடந்தது. அபாயம் நினைத்ததைவிடப் பெரிதென்று 2018-ல் அறிவித்தார்கள். அதை அகற்றி முடிக்கப் பத்து வருஷத்துக்கு மேலாகும், அதுவரை ஊர்க்காரர்கள் வெளியேறியிருக்க வேண்டும் என்றும் பிறகு சொன்னார்கள். அந்த வழியாக ரயிலில் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் காயும் வெயிலில் துணி உலர்த்தியிருக்கும் வீடுகளை எண்ணிக்கொண்டு போவேன். ஊரை விட்டுப் போகச் சொல்வதன் கனம் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

2022-ஆம் ஆண்டு கார்த்திகை தீபத்துக்கு மூவரும் ஊருக்குப் போனோம். துப்பாக்கியை ஆயுதசாலையில் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்ட மகன், ஈபாஹ் கிராமத்தில் செய்யப்படும் சிப்பாய்க் கத்தியை மட்டும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தான். பச்சையும் கறுப்புமான பிடி, அதில் சிறிய வெள்ளைச் சிலுவை, உள்ளே வெட்டும் அலகு, ரம்பம், திருப்புளி, டப்பா திறப்பான். டிசம்பர் 6-ஆம் தேதி மாலை, வாசலில் அகல் வரிசை எண்ணெய்க்குக் காத்திருக்க, அம்மா நெய் டின்னின் மூடியோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். மகன் கத்தியை விரித்து அவள் கையில் கொடுத்து, “இப்படித் திருப்புங்க பாட்டி” என்றான்.

அவள் திருப்பினாள். தகரம் ஓரம் ஓரமாக வெட்டுப்பட்டு நெய்மணம் எழுந்தது. கத்தியின் நுனியில் ஒட்டியிருந்த நெய்யை முதல் அகலில் வழித்துவிட்டு, முந்தானையால் துடைத்து மடக்கி, இடுப்பில் செருகிக்கொண்டாள். மணி ஆறு. உள்ளே அர்த்தநாரீசுவரர் எழுந்தருளியிருப்பார். தெருவெல்லாம் ‘அரோகரா’ என்று எழும்ப, நாங்கள் நால்வரும் மலையைப் பார்த்தோம்.