ஒப்புவித்தல்

ஆங்கிலத்தில் 'ரிசைட்' என்றொரு வினைச்சொல் உண்டு. ஏட்டைப் பாராமல் நினைவிலிருந்து உரக்கச் சொல்லுதல் என்று இன்று அதற்குப் பொருள் கொள்கிறோம். அதன் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. உரோமாபுரியில் வழக்குமன்றத்தில் ஆவணத்தைப் படித்துக் காட்டுவதையும், புலவர்கள் தம் நூலை நண்பர் அவையில் படிப்பதையும் அச்சொல் குறித்தது. அன்று பெரும்பாலும் கையில் ஏடு இருந்தது. பின்னாளில் ஏடு மறைந்து நினைவு அதன் இடத்தைப் பெற்றது.

இச்சொல்லை ஆளும்போது ஒன்றைக் கருத வேண்டும். நாமே அப்போதைக்கப்போது எண்ணிப் பேசுவதை 'ரிசைட்' என்று கூறுதல் பொருந்தாது. சொற்கள் முன்னரே அமைந்திருத்தல் வேண்டும். ஒருவர் தம் குறைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினாலும் ஆங்கிலேயர் இச்சொல்லையே வழங்குவர். பலமுறை சொல்லிப் பழகிய குறைகள் அல்லவா!

நான் வளர்ந்த புதுச்சேரியில் இச்சொல்லுக்குப் பிரெஞ்சு உறவும் உண்டு. பிரெஞ்சுப் பள்ளிகளில் செய்யுளை நெட்டுருச் செய்து சொல்லுதல் தனிப் பாடமாகவே இருந்தது. எங்கள் தெருவில் வாழ்ந்த முதியவர் ஒருவர் அவ்வாறு பயின்றவர். மாலை வேளையில் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது, லா ஃபோந்தேன் இயற்றிய காக்கை நரிக் கதையை ஓரடியும் தவறாமல் சொல்லுவார். நம் கதையில் காக்கை வடையை இழந்தது, அவர் கதையில் பாலாடைக்கட்டியை இழந்தது, வேறுபாடு அவ்வளவே. "பத்து வயதில் ஒலியைக் கற்றேன், பொருள் நாற்பது வயதில் வந்து சேர்ந்தது" என்பார். மனப்பாடத்தைப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் 'இதயத்தால் அறிதல்' என்கின்றனர். நாமோ மனம் என்கிறோம். மூளையை எவரும் குறிப்பிடவில்லை!

பொருளுணராமல் உருப்போடுவதைப் பலர் பழிக்கின்றனர். தேர்வு முடிந்ததும் மறந்துபோகும் பாடத்தைப் பற்றியவரையில் அவர்கள் கூற்று மெய்யே. ஆயினும் முதியவரிடம் தங்கிய பாட்டை அவ்வாறு தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. உள்ளே இருக்கும் பாட்டுக்கன்றோ பின்னொரு நாள் பொருள் வந்து சேர இயலும்!

தமிழில் இதனை ஒப்புவித்தல் என்கிறோம். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, ஏனையோர் பின்னே சொல்லிப் பழகுவர். பின்னர் ஒவ்வொருவரும் ஆசிரியரிடம் ஒப்புவிப்பர். இச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. ஒருவர் பொருளை அவரிடமே சேர்ப்பித்தலும் ஒப்புவித்தலே. ஆங்கிலச் சொல்லில் இந்த நயம் இல்லை.

இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்திய நிகழ்ச்சியொன்று புதுச்சேரியில் நடந்தது. பாரதியார் 1908 முதல் 1918 வரை இந்நகரில் வாழ்ந்தார். வேணு நாயக்கர் என்பவர் வீட்டுத் திருமணத்தில், கனகசுப்புரத்தினம் என்னும் இளைஞரை நண்பர்கள் பாடச் சொன்னார்கள். அவர் நெஞ்சில் பதிந்திருந்தவை பாரதியார் பாடல்கள். அவற்றை உணர்ச்சி ததும்பப் பாடினார். அவையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் பாரதியாரும் ஒருவர். பாடியவர் அதனை அறியார்! தம் சொற்கள் அறியாத இளைஞர் ஒருவரின் வாயிலிருந்து வரக் கேட்பது ஒரு கவிஞருக்கு எத்தகைய பேறு! அச்சிட்ட நூலைக் கையிற் பெறுவதினும் அது பெரிதென்றே நான் கருதுகிறேன்.

அதன் பின்னரே இருவருக்கும் நட்பு வளர்ந்தது. சுப்புரத்தினம் பாரதிதாசன் என்னும் பெயரைப் புனைந்துகொண்டார். 1909 ஆம் ஆண்டில் தமிழாசிரியர் பணியை ஏற்ற அவர், 1946 வரை அப்பணியில் இருந்தார். மாணவர் செய்யுளை ஒப்புவிக்க, எதிரே அமர்ந்து கேட்டிருந்தார்.