மால்குடிக்கு முன்பிருந்த பள்ளிக்கூடங்கள்



ஆர்.கே. நாராயணின் முதல் நாவலான ‘சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்’ 1935 அக்டோபரில் லண்டனில் வெளிவந்தது. கதை நடக்கும் மால்குடி எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர். அங்குள்ள பள்ளிக்கூடம் அப்படி முழுக்கக் கற்பனை அல்ல. அதன் பிரம்பு, பைபிள் வகுப்பு, பரீட்சை பயம் எல்லாம் புரசைவாக்கத்திலிருந்து மைசூர் வரை ஒரு பையன் உட்கார்ந்து எழுந்த வகுப்பறைகளிலிருந்து வந்தவை.

நாராயண் 1906 அக்டோபர் 10இல் சென்னையில் பிறந்தார். தந்தை கிருஷ்ணஸ்வாமி ஐயர் மைசூர் சமஸ்தானத்தில் தலைமையாசிரியர். அடிக்கடி ஊர் மாற்றல் வரும் வேலை. அதனால் பிள்ளை புரசைவாக்கம் வெள்ளாளத் தெருவில் தாய்வழிப் பாட்டி பார்வதியிடம் வளர்ந்தார். பாட்டிக்கு அம்மணி என்று பெயர் வழங்கியது. பேரனை வீட்டில் குஞ்சப்பா என்றார்கள். விளையாட்டுத் துணைக்கு ஒரு மயிலும் ஒரு குரங்கும் இருந்தன. கணக்கு, புராணக் கதை, சங்கீதம், சம்ஸ்கிருதம் எல்லாம் பாட்டியே கற்றுக் கொடுத்தார். ஆக அந்தப் பையனுக்கு இரண்டு பள்ளிக்கூடங்கள்: வெளியே ஒன்று, வீட்டுக்குள் ஒன்று. முதல் நாவலில் இரண்டுமே இருக்கின்றன. பள்ளியில் பேச முடியாததையெல்லாம் நாவலின் நாயகன் சுவாமிநாதன் (சுவாமி) ராத்திரி பாட்டியின் பக்கத்தில் படுத்துக்கொண்டுதான் பேசுகிறான். ஒருநாள் வயிற்றுவலிக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொன்ன பாட்டியைப் பொருட்படுத்தாமல் கிரிக்கெட் ஆட ஓடிவிட்டு, பிறகு மனசு கேட்காமல் தவிக்கிறான். புத்தகத்தில் மிகக் குறைந்த சத்தத்தோடு மிக ஆழமாகத் தைக்கும் இடம் அது.

புரசைவாக்கத்தில் அவர் படித்தது லூத்தரன் மிஷன் பள்ளியில். வகுப்பில் அவர் ஒருவர்தான் பிராமணப் பையன். வேதாகம வகுப்பில் இந்துக் கடவுள்களை ஏளனம் செய்து பேசுவது வழக்கமாயிருந்ததையும், அது தன்னைக் குறிவைத்தே வந்ததையும் ‘மை டேஸ்’ என்ற தன்வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். மால்குடியின் ஆல்பர்ட் மிஷன் பள்ளியில் இந்த அனுபவம் எபனேசர் என்ற ஆசிரியராக உருவெடுக்கிறது. கிருஷ்ணனை வெண்ணெய் திருடி என்று அவர் ஏச, சுவாமி எழுந்து பதில் கேள்வி கேட்கிறான்: கடவுள் என்றால் ஏசு ஏன் மாமிசமும் மீனும் சாப்பிட்டார்? சைவச் சாப்பாட்டு வீட்டில் வளர்ந்த பத்து வயதுப் பையனுக்குக் கடவுளைப் பற்றி எழக்கூடிய ஆகப் பெரிய சந்தேகமே அதுதான். காது திருகப்படுகிறது. மறுநாள் அப்பா தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுகிறார். தலைமையாசிரியரோ, தன்னிடம் வராமல் அப்பாவிடம் போய்ச் சொன்னதேன் என்று சுவாமியைத்தான் கேட்கிறார்.

இந்த இடத்தில் நாராயணின் கைத்திறன் முழுதாகத் தெரிகிறது. பட்ட அவமானத்தை அவர் வாதமாக்கவில்லை, வழக்காக்கவும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனின் கண்மட்டத்திலிருந்து பார்த்து எழுதினார். வளர்ந்தவரின் கோபம் நடுவில் புகுந்திருந்தால் எபனேசர் வெறும் கொடுமைக்காரராகியிருப்பார். சுவாமியின் கேள்வியிலுள்ள வெகுளித்தனம் போயிருக்கும்.

வகுப்பறைப் பாடங்களும் அந்தக் கண்மட்டத்திலிருந்தே வருகின்றன. சுவாமி படிப்பது ஃபர்ஸ்ட் ஃபார்ம், இன்றைய ஆறாம் வகுப்புக்குச் சமம். அப்பா ஒரு கணக்குப் போடுகிறார்: ராமாவிடம் பத்து மாம்பழம், அவற்றுக்கு 15 அணா எதிர்பார்க்கிறான்; கிருஷ்ணாவுக்கு நாலு மட்டும் வேண்டும்; எவ்வளவு கொடுக்க வேண்டும்? (ஒரு ரூபாய்க்கு 16 அணா, விடை 6 அணா.) சுவாமிக்கோ பழம் கனிந்ததா காயா என்பது தெரிந்தாக வேண்டும். ஐரோப்பா வரைபடத்தைப் பார்த்தால், இத்தனை கோணல்மாணலான நாட்டில் மனிதர் எப்படி வாழ்கிறார்கள் என்று அவனுக்கு வியப்பு. பரீட்சைக்கு முன்னால் படிப்பதை விட்டுவிட்டுத் தாள், நிப்பு, மை, குண்டூசி என்று வாங்க வேண்டியவற்றுக்குப் பட்டியல் போடுகிறான். பாடம் பிடிபடாத பிள்ளை மக்குப் பிள்ளை அல்ல, அவன் மனம் பாடத்தில் வரும் பொருளின் மேல் போய் உட்கார்ந்துவிடுகிறது. பள்ளிப் படிப்பில் நாராயண் அறிந்துகொண்ட பெரிய உண்மை இது எனலாம்.

சென்னையில் சி.ஆர்.சி. உயர்நிலைப் பள்ளி, கிறிஸ்தவக் கல்லூரி உயர்நிலைப் பள்ளி ஆகியவற்றிலும் அவர் படித்தார். பன்னிரண்டு வயதில் ஒரு சுதந்திர ஊர்வலத்தில் போய்ச் சேர்ந்துகொண்டதற்கு மாமாவிடம் திட்டு வாங்கினார். எந்த அரசாங்கமானாலும் பொல்லாதது என்றிருந்த, அரசியலில் ஒட்டாத குடும்பம் அது. நாவலில் இந்தச் சிறு சம்பவம் பெரிதாக வளர்கிறது. 1930 ஆகஸ்ட் 15 அன்று மால்குடியில் சரயு ஆற்றங்கரையில் சுதந்திரப் போராட்டக் கூட்டம் கூடுகிறது. அந்த ஆவேசத்தில் சுவாமி தன் தொப்பியை அந்நியத் துணி எரியும் நெருப்பில் போடுகிறான். மறுநாள் வேலைநிறுத்தத்தில் தலைமையாசிரியர் அறையின் கண்ணாடிகளைக் கல்லால் உடைக்கிறான். மிஷன் பள்ளி அத்தோடு போய், போர்டு உயர்நிலைப் பள்ளி வந்து சேருகிறது. தேச விடுதலைக்கும் கண்ணாடி உடைக்கும் ஆசைக்கும் நடுவே அந்த வயதில் கோடு கிடையாது என்பதை நாராயண் மறைக்காமல் எழுதியிருப்பது பாராட்டத்தக்கது.

தந்தை மைசூர் மகாராஜா கல்லூரி உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானதும் நாராயணும் மைசூருக்குப் போனார். அங்கே கிடைத்த பெருஞ்செல்வம் அந்தப் பள்ளியின் நூலகம். டிக்கன்ஸ், ஹார்டி, கானன் டாயில், உட்ஹவுஸ் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தார். இவ்வளவு வாசித்தவர் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றுப்போனார். தலைமையாசிரியரின் மகன் தோற்றதும், ஒரு வருஷம் வீட்டிலேயே இருந்ததும் சின்ன விஷயமல்ல. ஆனால் எழுத ஆரம்பித்தது அந்தச் சும்மா இருந்த வருஷத்தில்தான். 1926இல் தேறி மைசூர் மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார், பி.ஏ. பட்டம் பெற வழக்கத்தைவிட ஒரு வருஷம் கூடுதலாகி 1930 வந்துவிட்டது. பிறகு ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலைக்குப் போனார். டிரில் மாஸ்டர் வராத நாளில் அந்த வகுப்பையும் பார்த்துக்கொள்ளச் சொன்னதும் வேலையை விட்டுவிட்டார். சுவாமியும் டிரில் வகுப்புக்குப் போகாததற்காகத்தான் போர்டு பள்ளியில் பிரம்படிக்கு ஆளாகி, பிரம்பைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்துவிட்டு ஊரைவிட்டே ஓடுகிறான். நாவலிலும் வாழ்க்கையிலும் பள்ளியின் வாசலைத் தாண்ட வைத்தது டிரில்.

1930இல் பெங்களூரில், பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நாளில், ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாவலைத் தொடங்கினார். முதலில் மனத்தில் தோன்றியது ஒரு சின்ன ரயில் நிலையமும் மால்குடி என்ற பெயரும். மல்லேஸ்வரம், பசவனகுடி என்ற பெங்களூர்ப் பேட்டைகளின் பெயரை ஒட்டிச் செய்தது என்று சொல்வாருண்டு; நாராயண் சொன்னது அப்படி இல்லை. ஊரின் நிதானம் மைசூருடையது. நாவலில் வரும் வேதநாயகம், எபனேசர், ‘பட்டாணி’ என்று கேலிப்பெயர் வாங்கிய சாமுவேல் என்ற பெயர்களோ சென்னை மிஷன் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டை நினைவூட்டுபவை.

கையெழுத்துப் பிரதி பல பதிப்பாளர்களிடமிருந்து திரும்பி வந்தது. கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பருக்கு நாராயண் எழுதினார். நண்பர் அப்படிச் செய்யாமல் ஆங்கில எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீனின் சிபாரிசில் ஹாமிஷ் ஹாமில்டன் நிறுவனம் அதை வெளியிட்டது. அதுவரை தலைப்பு ‘சுவாமி, தி டேட்’. இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் மாரிஸ் டேட்டின் பெயரைத்தான் நண்பர்கள் சுவாமிக்குச் சூட்டியிருந்தார்கள். கிப்ளிங்கின் ‘ஸ்டாக்கி அண்ட் கோ’ என்ற பள்ளிக் கதையை ஞாபகப்படுத்தும் விதமாகத் தலைப்பை மாற்றச் சொன்னது கிரீன். நீண்ட பெயரை ஆர்.கே. நாராயண் என்று சுருக்கச் சொன்னதும் அவர்தான். புத்தகம் அதிகம் விற்கவில்லை.

அடுத்து வந்தவையும் கல்விக்கூடத்தைச் சுற்றியே நடக்கின்றன. ‘தி பேச்சிலர் ஆஃப் ஆர்ட்ஸ்’ (1937) கல்லூரி மாணவன் சந்திரனின் கதை. ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ (1945) நாவலில் கிருஷ்ணன் தான் படித்த ஆல்பர்ட் மிஷன் கல்லூரியிலேயே ஆங்கிலம் கற்பிக்கிறான். நாராயணின் மனைவி ராஜம் 1939இல் டைஃபாய்டில் இறந்த துயரம் இந்த நாவலின் உயிர். மனைவியை இழந்த கிருஷ்ணன் கடைசியில் கல்லூரி வேலையை உதறிவிட்டு, குழந்தைகளை அவர்கள் போக்கில் விட்டுக் கற்பிக்கும் ஒரு சிறுவர் பள்ளிக்கு வேலைக்குப் போகிறான். சுவாமி தப்பியோடிய பள்ளிக்கு மாற்றாக அவன் ஓடாமல் இருந்திருக்கக்கூடிய ஒரு பள்ளியை நாராயண் அந்தப் பக்கங்களில் கட்டிப் பார்த்திருக்கிறார்.

வயதான காலத்தில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டபோதும் அவர் பேச எடுத்துக்கொண்டது பள்ளிப் பிள்ளைகளைத்தான். கூன் விழும் அளவுக்குப் புத்தகப் பையைச் சுமக்கிறார்கள், விளையாட நேரமில்லை என்று மனம் நொந்து பேசினார். பிறகு விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. சுமையில்லாமல் கற்பது பற்றிய அந்தக் குழுவின் அறிக்கை 1993இல் வந்தது.