பெண்கடல் ஓரமாக

இராமேஸ்வரம் பக்கம் கடலிலும் ஆண், பெண் உண்டு. தீவுக்குத் தெற்கே அலையடிக்கும் மன்னார் வளைகுடா ஆண்கடல். வடக்கே குளம்போல் கிடக்கும் பாக் விரிகுடா பெண்கடல். அடங்கிக் கிடப்பதால் பெண். பெயர் வைத்தவர்கள் அதிகம் யோசித்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பெண்கடலின் கரையோரம் ஒருநாள் முழுக்க நடக்க ஆசைப்பட்டு, மாசி மாதக் காலையொன்றில் காரங்காட்டிலிருந்து தெற்கே கிளம்பினேன். மோர்ப்பண்ணை வழியாகத் திருப்பாலைக்குடி வரை.

காரங்காட்டின் அலையாத்திக் காட்டை வனத்துறை படகில் சுற்றிக்காட்டுகிறது. படகிலிருந்து பார்த்தால் பச்சை. கால் வைத்தால் சேறு. சேற்றின் மேல் பென்சில்களை நட்டதுபோல் மூச்சுவேர்கள். உப்புச் சேற்றுக்குள் காற்று கிடைக்காமல் வேரே வெளியே வந்து மூச்சு விடுகிறது. அலை கலைக்காத கரையில்தான் வண்டல் படியும். அந்த வண்டலில்தான் அலையாத்தி பிடிக்கும். இந்தக் கடலின் அமைதி முழங்கால் வரை இழுத்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கரையை விட்டு மேலேறி, கருவேலம் புதர்களுக்கிடையே ஒற்றையடித் தடத்தைப் பிடித்தேன்.

பையில் தண்ணீர் நிறைய இருந்தது. குடித்தது கொஞ்சம். வெட்டவெளியில் நடக்கும் பெண்ணுக்கு, தாகத்தைவிட ஒதுங்க இடம் உண்டா என்பதுதான் பெரிய கணக்கு. நடைப்பயணம் பற்றி ஆண்கள் எழுதியவற்றில் இந்தக் கணக்கைப் பார்த்த நினைவில்லை.

மோர்ப்பண்ணைக்கு முன்னால், நிழலில் வலையை விரித்து நான்கு பெண்கள் நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“யாரு வீட்டுக்குத் தாயி போறீக?”

“யார் வீட்டுக்கும் இல்லக்கா. சும்மா நடக்கிறேன்.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”

அவர் கை நிற்கவில்லை. “நானும் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இந்தக் கரையில நடக்குறேன். ஒரு நா சும்மா நடந்ததில்ல. தலையில கூடை இருந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாக. வெறுங்கையா போனாத்தான் எங்க போற, யாரப் பாக்கப் போறன்னு கேப்பாக.”

அதற்குமேல் நான் விளக்க ஒன்றுமில்லை. கரைக்குப் பெண் வரலாம், சுமையோடு வர வேண்டும். சுமைதான் அவளுடைய அனுமதிச் சீட்டு.

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று வகுப்பில் சொல்லித்தருகிறோம். கரையில் நின்று காத்திருப்பவள் மாணவிகள் மனதில் பதிந்துவிடுகிறாள். அகநானூற்றில் உமணர் மகள் சேரியில் உப்பு விலை கூறி நடக்கிறாள். அவளைப் பற்றி நாம் அறிவதோ, அவளைக் கண்டு மயங்கியவன் சொன்னதை மட்டும்தான். அவள் கால் வலித்ததா என்று கேட்க அந்தப் பாட்டில் ஆளில்லை.

“மாசியில கடல் நல்லபிள்ளையா இருக்கும்,” என்றார் இன்னொருவர். “வாடை அடிக்கிறப்ப வந்து பாருங்க.” ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று இந்தப் பக்கம் மோதும். அப்போது கொந்தளிப்பது பெண்கடல். தெற்கே ஆண்கடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்றில் அப்படியே மாறும். அதைப் பார்த்துத் தீவின் மீனவர்கள் படகைக் கரைமாற்றிக் கட்டுவதுண்டு. அடக்கம் கடலின் குணமல்ல, காற்றின் திசை. இதை அறிந்தவர்களின் ஊரிலும் பெயர் மட்டும் மாறவில்லை.

வேல்ஸ் நாடு 2012இல் தன் கரை முழுவதையும் சுற்றி ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நடைபாதையைத் திறந்தது. பாதைக்குப் பெயர், வழிகாட்டும் பலகை, வரைபடம் எல்லாம் உண்டு. மோர்ப்பண்ணைக்கு அப்பால் நான் நடந்த தடம் ஓரடி அகலம். கூடை சுமந்த பெண்களின் கால்கள் போட்டது. எந்த வரைபடத்திலும் அதை நான் பார்த்ததில்லை. அதில் பலகை நடச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. நண்டு கழற்றி முடித்த ஒரு சாயங்காலம், அந்த அக்கா வெறுங்கையோடு அதில் நடந்துபோக வேண்டும். எதிரே வருபவர் எங்கே என்று கேட்காமல் வழிவிட வேண்டும்.