புற்றரையும் நாய்க்குட்டியும்

கும்மிடிப்பூண்டிக்கு அருகில் எங்கள் இல்லம் அமைந்துள்ளது. சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊரின் ஓரமாகச் செல்கிறது. தமிழ்நாட்டு அரசு 1971ஆம் ஆண்டில் தொடங்கிய சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பேட்டை ஒன்றும் அண்மையில் இருக்கிறது. ஆலைகளின் ஓசை இரவிலும் ஓய்வதில்லை. லாரிகள் எழுப்பும் புழுதி மரங்களின் இலைகளிற் படிந்து அவற்றின் பசுமையை மறைத்துவிடும். தமிழாசிரியர் பணியினின்று ஓய்வுபெற்று, என் மகனுடன் வாழ இங்கு வந்தபோது, கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒரு புற்றரை அமைக்கவேண்டும் என்னும் ஆசை எனக்கு உண்டாயிற்று.

புல்லைத் தேடி நான் எங்கும் அலையவில்லை. நம் நாட்டு அறுகையே தேர்ந்தேன். அறுகு எளிய புல். ஆயினும் அதன் ஆற்றல் பெரிது. அதன் தண்டுகளுள் சில மண்ணின்மேற் படர்ந்து ஓடும். சில மண்ணுக்குள்ளே ஓடும். இருவகைத் தண்டும் கணுதோறும் வேர்விடும். கோடையிற் கருகியதுபோலத் தோன்றினும், நல்ல மழை ஒன்று பெய்தால் மீண்டும் தளிர்க்கும். மணமக்களை வாழ்த்தும் பெரியோர், அறுகைப்போல வேரூன்றி வாழுமாறு வாழ்த்துவது இதுபற்றியே. ஐப்பசி மழையில், வயல் வரப்புகளிலிருந்து வேரோடு பெயர்த்த அறுகந் துண்டுகளைக் கொணர்ந்து சாண் இடைவெளியில் நட்டேன். தைத் திங்களில் தரை முழுதும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் ஆயிற்று.

மாலைதோறும் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பன்னிருவர் வந்து அப்புற்றரையில் அமர்வார்கள். நான் அவர்கட்குத் தமிழ் கற்பிப்பேன். அவர்களுட் சிலர் பிற மாநிலங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்த குடும்பத்தினர். தமிழெழுத்தை அவர்கள் முதன்முதல் எழுதிப் பழகியது அப்புல்லின்மீது அமர்ந்தே. ஆதலால் அது எனக்குத் தோட்டம் மட்டும் அன்று, பள்ளியும் ஆயிற்று.

பங்குனி மாதத்தில் ஒரு நாள், என் பேரன் நெடுஞ்சாலை ஓரத்திலிருந்து நாய்க்குட்டி ஒன்றை ஏந்தி வந்தான். அதன் தாய் லாரியில் அடிபட்டு இறந்துவிட்டதாம். குட்டி செம்மண் நிறம். நெற்றியில் மட்டும் வெள்ளைச் சுட்டி. பேரன் அதற்குக் கோவிவன் என்று பெயரிட்டான். அப்பெயர் அவனுக்குக் கிடைத்தது என் வாயிலிருந்துதான். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ வேந்தன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. வீரன் ஒருவனுக்கு எடுத்த அக்கல்லில், அவனுடைய நாயின் உருவமும் இடம்பெற்றிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதைக் கல்வெட்டே சொல்கிறது. இச்செய்தியை நான் பிள்ளைகளுக்குப் பெருமையோடு கூறியிருந்தேன்.

சின்னாட்களிலேயே நம் கோவிவன் தன் வீரத்தைக் காட்டத் தொடங்கினான். கள்வரிடத்தில் அன்று, என் புற்றரையில். ஒரு காலைப் பொழுதில் எழுந்து பார்த்தேன். புற்றரையின் நடுவே ஒரு முழ ஆழத்திற்குக் குழி. சுற்றிலும் மண் சிதறிக் கிடந்தது. குழியின் உள்ளே குட்டி சுருண்டு படுத்திருந்தது. குழியை மூடி, புல்லைப் பதித்து, நீர் தெளித்தேன். மறுநாள் அதனருகே இரண்டு குழிகள். மூன்றாம் நாள் நான்கு.

அண்டை வீட்டார் அறிவுரைகள் பல கூறினர். மிளகாய்த் தூளைத் தூவுமாறு ஒருவர் சொன்னார். பாச்சை உருண்டைகளை இடுமாறு மற்றொருவர் சொன்னார். எனக்குத் தெரிந்த வழியோ அவற்றினும் பழையது. கையிலிருந்த விசிறிக் காம்பால் குட்டியை அடித்தேன். அது கத்திக்கொண்டு ஓடிற்று. அன்றுமுதல் என்னைக் கண்டால் வாலை ஒடுக்கிக்கொண்டு ஒளியலாயிற்று. ஆனால் தோண்டுதலை விடவில்லை. நான் காணாத வேளையில் தோண்டிற்று. அவ்வளவே என் தண்டனையால் விளைந்த மாற்றம்.

சித்திரை மாதத்து மாலை ஒன்றில், பாடம் கேட்க ஓடிவந்த சிறுமி ஒருத்தி குழியிற் காலை வைத்துவிட்டாள். கணுக்கால் பிசகி வீங்கிற்று. அவள் அழுகையைக் கேட்டதும் என் பொறுமை எல்லை கடந்தது. "நாளைக் காலையில் இந்தக் குட்டியை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வா" என்று பேரனிடம் சொன்னேன்.

அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். பின்பு, "தாத்தா, எடுத்த இடம் நெடுஞ்சாலை அல்லவா? இதன் தாய் அங்கேதானே இறந்தது?" என்று கேட்டான். நான் விடை கூறவில்லை. "கோவிவனுக்குக் கல் நட்டார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றான் மீண்டும். அவன் குரலிற் சினம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டான். முப்பத்தைந்து ஆண்டுகள் அருளுடைமையைப் பாடமாகச் சொல்லிய நான், பத்து வயதுப் பிள்ளையின் முன் தலைகுனிந்து நின்றேன். வளர்க்கும் உயிரைத் தக்க காரணமின்றிப் பசியாலும் தாகத்தாலும் வருந்துமாறு கைவிடுதல், 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். சட்டம் இல்லாவிடினும் அது குற்றமே. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் குட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பேரனும் கால்நடை மருத்துவரிடம் சென்றோம். அதற்கு மூன்று மாதம் நிறைந்திருந்ததால் வெறிநோய்த் தடுப்பூசி இடவேண்டியிருந்தது. ஊசி இட்டபின், புற்றரையின் கதையைச் சொன்னேன். மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, புல்லுக்கு என்ன உரம் இட்டீர்கள்?" என்று வினவினார்.

"பங்குனித் தொடக்கத்தில் எலும்புத்தூள் இட்டேன்" என்றேன்.

மருத்துவர் சிரித்துவிட்டார். "விருந்தைப் பரிமாறிவிட்டு, உண்ணாதே என்று அடித்திருக்கிறீர்கள். எலும்பின் மணம் மண்ணுக்குள் இருந்தால் எந்த நாய்தான் தோண்டாது?" என்றார்.

அவர் மேலும் பல செய்திகளை விளக்கினார். மனிதரைப்போல் நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இளைத்தே அது தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். ஆதலின் கோடை வெயிலில், மேல்மண்ணை அகற்றிக் குளிர்ந்த மண்ணில் வயிறு பதியப் படுக்க விரும்பும். புல்லின் வேரருகே பிள்ளைப்பூச்சியும் புழுக்களும் ஊர்ந்தால், அவற்றின் மணமும் ஒலியும் அதனை இழுக்கும். விளையாட ஆளின்றித் தனித்திருக்கும் குட்டி, பொழுதுபோக்காகவும் தோண்டும். தோண்டி நெடுநேரம் கழிந்தபின் அடித்தால், எதற்காக அடிபட்டோம் என்பது அதற்கு விளங்காது. அடித்தவரைக் கண்டு அஞ்சுதல் ஒன்றையே கற்கும். மிளகாய்த் தூள் கண்ணையும் மூக்கையும் புண்படுத்தும். பாச்சை உருண்டையை விழுங்கினால் நஞ்சாகும். ஆமணக்குப் பிண்ணாக்கு உரமும் நாய்க்குக் கொடிய நஞ்சு. அதனை அறியாது இட்டு வளர்ப்பு நாயை இழந்தோரும் உண்டு. இவற்றைக் கேட்கக் கேட்க, குட்டியின்மேற் சுமத்திய பழியின் பெரும்பகுதி என்னுடையதே என்பது தெளிவாயிற்று.

வீடு திரும்பியதும் நானும் பேரனும் வேலையைத் தொடங்கினோம். வேப்பமரத்து நிழலில், நான்கடி நீளமும் நான்கடி அகலமும் ஒன்றரையடி ஆழமும் உடைய குழி ஒன்றை வெட்டினோம். அதில் ஆற்று மணலை நிரப்பி, சிறிது நீர் தெளித்துக் குளிர்வித்தோம். பழைய பந்து ஒன்றையும் கயிற்று முடிச்சு ஒன்றையும் அம்மணலில் அரைகுறையாகப் புதைத்தோம். கோவிவன் முகர்ந்து பார்த்துத் தோண்டி எடுத்தபோது, பேரன் கைகொட்டிப் பாராட்டினான். ஒரு துண்டு இட்டலியும் பரிசாகக் கொடுத்தான். புற்றரையில் அது காலை வைத்துக் கீறத் தொடங்கினாலோ, அடியாமலும் வையாமலும் அழைத்துவந்து மணற்குழியில் விட்டோம்.

புற்றரைக்கும் காவல் செய்தோம். எலும்புத்தூள் கலந்த மேல்மண்ணை இயன்ற அளவு அகற்றிப் புதுமண் இட்டோம். அடிக்கடி தோண்டப்பட்ட இடங்களில், கூர்முனைகளை மடக்கிய கம்பிவலையை இரண்டங்குல ஆழத்திற் பரப்பி, அதன்மேல் மண்ணிட்டு அறுகை நட்டோம். அறுகின் வேர் வலையின் கண்களினூடே இறங்கிவிடும். குட்டியின் நகமோ வலையைக் கடவாது. புதுப்புல் வேர்கொள்ளும் வரையில், மூங்கில் தட்டியால் அப்பகுதியை மறைத்தோம். நிழலில் எப்பொழுதும் ஒரு மண்சட்டி நிறையத் தண்ணீர் வைத்தோம். காலையும் மாலையும் பேரன் குட்டியை உலவ அழைத்துச் சென்றான்.

பயன் ஒரே நாளில் விளைந்துவிடவில்லை. முதல் வாரத்தில் இருமுறை புற்றரையிற் குழி விழுந்தது. விசிறிக் காம்பை நாடிய என் கையை நானே அடக்கிக்கொண்டேன். மூன்றாம் வாரத்திற்குப் பின், தோண்டவேண்டும் என்று தோன்றினால் கோவிவன் தானே வேப்பமர நிழலுக்கு ஓடிற்று. கால் பிசகிய சிறுமியும் குணமடைந்து பாடத்திற்கு வந்தாள். இப்பொழுது மணலிற் பந்தைப் புதைத்து வைப்பவள் அவளே.

இந்நிகழ்ச்சி எனக்கு ஓர் உண்மையை உணர்த்திற்று. தோண்டுதல் நாயின் இயல்பு. அது குற்றம் அன்று. வளைகளிற் பதுங்கும் விலங்குகளைத் தோண்டிப் பிடிப்பதற்கென்றே மேனாட்டார் ஒரு நாயினத்தை வளர்த்தனர். அதற்கு அவர்கள் இட்ட டெரியர் என்னும் பெயர், நிலத்தைக் குறிக்கும் டெர்ரா என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அங்கே தோண்டுதல் திறமை. என் புற்றரையில் அதுவே தீமை. வேறுபாடு செயலில் இல்லை, இடத்தில் இருக்கிறது.

மனிதனும் மண்ணைத் தோண்டுபவனே. நம் திருவள்ளூர் மாவட்டத்தில், கொசத்தலையாற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் உள்ளது. நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் பூட் 1863ஆம் ஆண்டில் அங்குப் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டறிந்தார். பிற்காலத்தில் சாந்தி பப்பு முதலிய ஆய்வாளர்கள் அவ்விடத்தை முறைப்படி அகழ்ந்து ஆராய்ந்தனர். அங்குக் கிடைத்த கருவிகளுள் மிகப் பழையன ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என்று 2011ஆம் ஆண்டில் அறிவித்தனர். தோண்டவேண்டிய இடத்தில் முறையாகத் தோண்டியதால், நம் மண்ணின் தொன்மை உலகிற்குப் புலப்பட்டது.

இதனை எண்ணும்போது மாணவன் ஒருவனின் முகம் என் நினைவிற்கு வருகிறது. நான் பணிபுரிந்த காலத்தில், வகுப்பிற் பலகையின்மீது ஓயாமல் விரலால் தாளம் போடுவான் அவன். பலமுறை அவனை அடித்திருக்கிறேன். விரல்கள் அடங்கின; அவனும் அடங்கிவிட்டான். மறு ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. அவன் கையில் ஒரு மத்தளத்தைக் கொடுத்து, மாலையில் அரைமணி நேரம் தட்டு என்று சொல்லியிருக்கலாம். அந்த மணற்குழியை அன்று நான் வெட்டவில்லை.

மாணவர்களே, உங்களிடத்திலும் ஓயாது துடிக்கும் ஆற்றல் ஒன்று இருக்கும். அதனைக் குறை என்று எண்ணி மனம் சோர வேண்டா. பிறர்க்கு ஊறு செய்யாத இடத்தைத் தேடி அதற்குக் கொடுங்கள். உங்கள் பொறுப்பில் வாழும் எவ்வுயிரையும் ஒறுக்கக் கையை ஓங்குமுன், அது ஏன் அவ்வாறு செய்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

புற்றரையின் நடுவே ஓரிடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அதன் விளிம்பிலிருந்து அறுகின் தண்டுகள் நாள்தோறும் விரற்கடையளவு உள்நோக்கி ஓடிவருகின்றன. கோவிவன் அதனைத் தாண்டிச் சென்று, மணற்குழியிற் படுத்து உறங்குகிறது.