இன்று ஒரு பிகாச்சு

தாராவிச் சிறுவர்களுக்கு ஜப்பானியக் கற்பனைப் பிராணிகள் அத்தனையும் மனப்பாடம். சாலைக்கு எதிர்ப்புறக் காட்டில் இருப்பவை பெயரில்லாமல் பறக்கின்றன.

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில், மாலையில் டியூஷன் விட்டதும் பையன்கள் நேராக வீட்டுக்குப் போவதில்லை. கவிழ்த்துப் போட்ட தண்ணீர் டிரம் மீது ஒருவன் ஏறி உட்கார்ந்தால் போதும், சபை கூடிவிடுகிறது. சபைக்கு ஒரே ஒரு விதிதான்: தினமும் ஆளுக்கு ஒரு தகவல். நேற்றுச் சொன்னது இன்று செல்லாது.

"மேஜிகார்ப் இருக்குல்ல, அந்த மீனுக்குத் துள்ள மட்டும்தான் தெரியும். இருபதாவது லெவல்ல அதே மீன் கியாரடோஸ் ஆயிடும்."

"ஏலே, அது பழசு. வேற சொல்லு."

"ஏகன்ஸ் பேரைத் திருப்பிப் படி. ஸ்நேக்!"

சபை அமைதியாகிறது. ஒருவன் நோட்டைத் திறந்து, பெயரை ஆங்கிலத்தில் எழுதி, கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை விரல் வைத்துப் படித்துப் பார்க்கிறான். சரிதான். பாம்புப் பிராணிக்குப் பாம்பையே திருப்பிப் போட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைய வெற்றி அதைச் சொன்னவனுக்கு.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இங்கே தோல் பதனிடும் வேலையில் சேர்ந்தவர்களின் பேரன்களும் கொள்ளுப்பேரன்களும் இந்தச் சபையில் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலமோ மராத்தியோ. மூன்றிலும் புழங்கும் இவர்களுக்கு நான்காவதாக ஒரு அகராதி இருக்கிறது. அதன் பெயர் போக்கிமான்.

பெரியவர்களின் தீர்ப்பு எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "இந்த அக்கறையைப் பாடத்துல காட்டினா கலெக்டராகியிருப்பான்." பையன் ஏற்கெனவே ஒரு வகையில் கலெக்டர்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. சேகரிப்பதுதான் அந்த விளையாட்டின் சாரமே.

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் நின்டெண்டோவின் 'கேம் பாய்' என்ற கையடக்கக் கருவிக்காக இரண்டு விளையாட்டுகள் வெளியாயின: சிவப்பு, பச்சை. உருவாக்கியவர் சதோஷி தஜிரி. டோக்கியோவின் புறநகரில் வளர்ந்த தஜிரிக்குச் சிறுவயதில் பூச்சி பிடிப்பதுதான் பொழுதுபோக்கு. நகரம் வளர்ந்தது. வயல்களும் குட்டைகளும் கட்டடங்களுக்கு அடியில் போயின. பூச்சிகளுக்கு இடமில்லாத ஊரில் வளரும் குழந்தைகளுக்கும் தேடிப் பிடிக்கும் சந்தோஷம் கிடைக்க வேண்டும் என்று அவர் செய்ததுதான் 'பாக்கெட் மான்ஸ்டர்ஸ்' - சட்டைப் பைக்குள் அடங்கும் பூதங்கள். பெயர் சுருங்கிப் போக்கிமான் ஆனது.

முதல் விளையாட்டில் இருந்த பிராணிகள் 151. இன்று எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. 1997 ஏப்ரலில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய கார்ட்டூன் தொடர், 2003-ல் கார்ட்டூன் நெட்வொர்க் வழியாக இந்தியாவுக்கு வந்தது. தொடரின் நாயகன் ஆஷுக்கு ஜப்பானில் வேறு பெயர்: சதோஷி. தன்னை உருவாக்கியவரின் பெயரே அவனுக்கு. மஞ்சள் நிறப் பிகாச்சுவுக்கோ மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. நடிகை இகுவே ஒதானி ஜப்பானிய ஒலிப்பதிவில் கொடுத்த குரலே மும்பைத் தொலைக்காட்சியிலும் கேட்டது. தாராவிச் சபையில் இவையெல்லாம் முதல் நிலைத் தகவல்கள். இவற்றைக் கொண்டுவருபவனுக்கு மரியாதை குறைவு.

மும்பையில் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒவ்வொரு போக்கிமான். மாட்டுங்காவில் அது பிளாஸ்டிக் ஆல்பத்துக்குள் வரிசையாகச் செருகிய சீட்டுகள். ஒரு சீட்டுக்குக் கீறல் விழுந்தால் அன்று சாப்பாடு இறங்காது. செம்பூரின் அடுக்குமாடிகளில் அது 'போக்கிமான் கோ'. 2016 டிசம்பரில் ரிலையன்ஸ் ஜியோவின் கூட்டோடு இந்தியாவில் முறைப்படி அறிமுகமான இந்த விளையாட்டில், செல்போனைப் பிடித்தபடி தெருத்தெருவாக நடந்து பிராணிகளைத் தேட வேண்டும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே அரை மணி நேரம் போனைப் பார்த்து நிற்கும் பிள்ளைகளைக் கண்டு, பக்தி பெருகிவிட்டதாகச் சில பாட்டிகள் மகிழ்ந்ததும் உண்டு.

தாராவியில் ஆல்பத்துக்குக் காசில்லை. வீட்டுக்கு ஒரு போன் இருந்தாலும் அது அப்பாவின் வேலைக்கு. பத்துக்குப் பத்து அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் இடத்தில் எதையும் சேகரித்து வைக்க மூலை கிடையாது. எனவே அங்கே சேர்வது தகவல் மட்டும். இடத்தை அடைக்காது, மழைத் தண்ணீர் புகுந்தாலும் நனையாது, தம்பி கிழிக்க முடியாது. மாட்டுங்காவில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போகும் அம்மாவோடு விடுமுறை நாளில் போகிற பையன், அந்த வீட்டுப் பிள்ளையின் ஆல்பத்தைப் பார்த்து ஒவ்வொரு பிராணிக்கும் எண், வகை, அடுத்த வடிவம் என்று அடுக்கும்போது ஆல்பத்தின் சொந்தக்காரன் வாய் பிளக்கிறான். சீட்டு ஒருவனிடம், அறிவு இன்னொருவனிடம். அந்த அரை மணி நேரம் இருவரும் சமம். இதை 'வெட்டி விஷயம்' என்று தள்ளுகிறவர்கள் இந்த அரை மணி நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

அதற்காக இந்த மனப்பாடத்தில் குறையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2002-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ பால்ம்ஃபோர்டும் சக ஆராய்ச்சியாளர்களும் 'சயன்ஸ்' இதழில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். பிரிட்டனில் 4 முதல் 11 வயது வரையிலான 109 பள்ளிக் குழந்தைகளிடம் உள்ளூர் உயிரினங்களின் படங்களையும் போக்கிமான் படங்களையும் காட்டிப் பெயர் கேட்டார்கள். 4 வயதில் உயிரினங்களில் 32 சதவிகிதத்தை அடையாளம் சொன்னார்கள். போக்கிமானில் 7 மட்டுமே. 8 வயதில் உயிரினங்கள் 53 சதவிகிதம், போக்கிமான் 78. இல்லாத பிராணிகள், இருக்கும் பிராணிகளை நான்கே வருடத்தில் முந்திவிட்டன.

ஆய்வாளர்கள் குழந்தைகளைத் திட்டவில்லை. உயிரினங்களைப் பெயரோடும் குணத்தோடும் கற்றுக்கொள்ளும் அபாரத் திறமை குழந்தைகளிடம் இருக்கிறது. அந்தத் திறமைக்குத் தீனி போடுவதில் விளையாட்டுக் கம்பெனி இயற்கைப் பாதுகாவலர்களைவிடக் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது என்பதுதான் அவர்கள் கண்டது.

தாராவியில் இந்தத் திறமைக்குத் தீனி இல்லாமலும் இல்லை. சயான்-பாந்திரா இணைப்புச் சாலையைத் தாண்டினால், மித்தி நதிக்கரையில் மாஹிம் இயற்கைப் பூங்கா. நகரத்தின் குப்பை கொட்டப்பட்ட இடம் அது. மரம் நட்டு வளர்த்து, 1994-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 37 ஏக்கரில் இன்று காடு. பட்டாம்பூச்சிகளும் பறவைகளும் நிறைய. தஜிரியின் ஊரில் குட்டை கட்டடமானது; இங்கே குப்பை மேடு காடாயிற்று. செம்பூரிலிருந்து மாஹுல் பக்கம் போனால் குளிர்காலம் தொடங்கிக் கோடை வரை தானே கடற்கழியில் பூநாரைகள் இளஞ்சிவப்பாகக் கூட்டம் போடும்.

சபையில் அவற்றுக்குப் பெயர் இல்லை. பறப்பது பெரிதானால் 'சிடியா', சிறிதானால் 'தித்லி', ஊர்ந்தால் 'கீடா'. இந்தியில் மூன்று சொற்களோடு கதை முடிந்தது. கற்பனைப் பாம்பின் பெயரை முன்னும் பின்னும் படிக்கத் தெரிந்த பையனுக்கு, மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் வால் பிளந்த கருப்புப் பறவை கரிச்சான் என்று தெரியாது. தமிழில் மட்டுமல்ல, எந்த மொழியிலும் தெரியாது.

தெரிந்தவர் அதே அறையில்தான் இருக்கிறார். தாத்தாவுக்குக் கரிச்சான் தெரியும், செம்போத்து தெரியும், மீன்கொத்தி தெரியும். அவரும் ஒரு காலத்தில் சேகரித்தவரே. நெல்லைச் சீமையில் பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்த்து, முட்டையிட்டதா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்க்காத பையன் உண்டா? ஜப்பான்காரர் கண்டுபிடித்த மந்திரப் பந்துக்கு முன்பே கோவில்பட்டித் தீப்பெட்டி அந்த வேலையைச் செய்தது. தினம் ஒரு தகவலும் அவருக்குப் புதிதல்ல. ஊருக்குப் போன நாட்களில் வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' கேட்டுவிட்டுத்தான் அவர் பல் தேய்த்த கையோடு காபிக்கு உட்கார்ந்தார்.

ஆனால் பேரன் கேட்பதில்லை, தாத்தா சொல்வதில்லை. ஒருவரிடம் பெயர்கள் இருக்கின்றன. இன்னொருவனிடம் பசி இருக்கிறது.

இந்தச் சிக்கலுக்குத் தஜிரியின் விளையாட்டிலேயே ஒரு விடை இருக்கிறது. சிவப்பு விளையாட்டில் கிடைக்கும் சில பிராணிகள் பச்சையில் கிடைக்காது. பச்சையில் உள்ளவை சில சிவப்பில் இல்லை. எவ்வளவு சாமர்த்தியசாலியும் தனியாக எல்லாவற்றையும் சேர்க்க முடியாது. இரண்டு கருவிகளை ஒரு ஒயரால் இணைத்துப் பண்டமாற்றுச் செய்தாக வேண்டும். அந்த ஒயருக்குள் ஒரு பூச்சி ஊர்ந்து போவதைக் கற்பனை செய்தபோதுதான் தனக்கு இந்த யோசனை வந்தது என்று தஜிரி சொல்லியிருக்கிறார். விளையாட்டின் தொடக்கமும் கவனிக்கத்தக்கது. ஓக் என்ற முதிய பேராசிரியர், எல்லாப் பிராணிகளையும் பதிவு செய்வது தன் கனவு, தனக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி அந்தப் பொறுப்பைச் சிறுவர்களிடம் ஒப்படைக்கிறார். அதில் ஒருவன் அவருடைய சொந்தப் பேரன்.

ஒரு பெரியவர் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு மும்பையிலேயே சாட்சி உண்டு. 1908 வாக்கில் இந்த ஊர்ப் பையன் ஒருவன், தான் விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்ட குருவிக்குத் தொண்டையில் மஞ்சள் திட்டு இருப்பதைக் கண்டு, அது என்ன என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனான். கழகச் செயலாளர் மில்லார்ட் அவனை விரட்டவில்லை. பெயரைச் சொல்லி, இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து பாடம் செய்த பறவைகளைக் காட்டினார். பையன் பெயர் சாலிம் அலி.

தமிழுக்கும் இந்த வித்தை பழசு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் அருவியில் நீராடிய பெண்கள் பூக்களைப் பறித்துப் பாறையில் குவிக்கிறார்கள். 99 பூக்கள், பெயர் பெயராக. தமிழ் அறியாத ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழை அறிவிக்கப் பாடியது அது என்பது மரபு. மொழியைக் கற்பிக்க ஒரு புலவர் எடுத்த வழிகளில் ஒன்று, பெயர்ப் பட்டியல்! தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் வளரும் மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இலக்கண நூலைவிட இது சுலபமாக இறங்கும்.

தொடங்குவதற்குக் காடுவரைகூடப் போக வேண்டாம். தாராவியின் மாடிப் படியிலோ மாட்டுங்கா பால்கனியிலோ செம்பூர் ஜன்னல் கம்பிக்குள்ளோ, தமிழர் வீடு என்றால் பெயின்ட் டப்பாவில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கும். அதில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவை அம்மாக்கள் சாம்பாருக்கு இலை கிள்ளும்போது உதறி எறிகிறார்கள். கொஞ்ச நாள் விட்டுவைத்தால் அது பச்சையாகக் கொழுக்கும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு போல ஒன்றை நீட்டி நாற்றம் விடும். போக்கிமான் பட்டியலில் பத்தாம் எண் கேட்டர்பி செய்வதும் இதையே: பச்சைப் புழு, சிவப்புக் கொம்பு, நாற்றம். கேட்டர்பி ஏழாவது லெவலில் கூடாகவும் பத்தாவதில் பட்டாம்பூச்சியாகவும் மாறும். கறிவேப்பிலைப் புழு முட்டையிலிருந்து சிறகு விரிக்க ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும். கருப்பு இறக்கையில் மஞ்சள் புள்ளிகளோடு வந்தால் தமிழில் அதன் பெயர் எலுமிச்சை அழகி.

ஒரு கிளை கறிவேப்பிலையை இழக்க அம்மா சம்மதிக்க வேண்டும். பேரனும் தாத்தாவும் அதன் பக்கத்தில் உட்கார வேண்டும். செலவு அவ்வளவுதான்.